ஓர் அடியும் பின்வைக்காத பக்கீர் முகைதீன்

“என்னத் தள்ளி ஒரு அடி பின்னுக்கு எடுக்கிறதுக்கு, இந்த உலகத்தில ஒரு தாயும் இன்னும் புள்ள பெறல்ல.”

1981ஆம் ஆண்டு ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கல்முனைச் சந்தையடியில் சீனிமுகம்மதின் தேத்தண்ணிக் கடையில் வைத்து பக்கீர் முகைதீன் இந்தப் பிரகடனத்தைச் செய்தார். வெளிநாடு போய் இலங்கைக்காக றகர் எனப்படும் ரக்பி ஆடிவிட்டு ஊர் திரும்பி அன்று இரண்டாம் நாள். நாட்டின் சின்னம் பொறித்த கோட்டை அந்தப் புழுக்கத்திலும் அவர் கழற்றவில்லை. கடையில் இருந்த பதினொரு பேரில் ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. ஒன்பது பேருக்கு றகர் என்றால் என்னவென்று தெரியாது. மற்ற இருவருக்கும் அவருடைய தோளின் அகலம் தெரியும்.

சீனிமுகம்மதுக்கு மட்டும் ஒரு சந்தேகம் இருந்தது. இந்த விளையாட்டில் பந்தைக் கையால் முன்னுக்கு எறியக் கூடாது, பின்னுக்குத்தான் எறிய வேண்டும் என்று அவர் எங்கோ கேள்விப்பட்டிருந்தார்.

“அப்ப பந்து பின்னுக்குப் போகும், நீங்க முன்னுக்குப் போவீங்க. மறுகா எங்க மச்சான் ரெண்டு பேரும் சந்திக்கிற?”

இதற்கு விடை சொல்வது தன்னுடைய பொறுப்பு அல்ல என்று பக்கீர் முகைதீன் விளக்கினார். பந்தோடு அவருக்குப் பெரிய பழக்கம் இல்லை. இந்தப் பக்கம் எட்டுப் பேர், அந்தப் பக்கம் எட்டுப் பேர், தலையைத் தலைக்குள் கோத்துக்கொண்டு தள்ளுவார்கள். அதற்கு ஸ்க்ரம் என்று பெயர். அதில் முன்வரிசை ஓரத்தில் தூண் மாதிரி நிற்பவர் அவர். தள்ளுவதும் தள்ளப்படாமல் இருப்பதும்தான் வேலை.

இப்பேர்ப்பட்ட கலைஞனை உலகுக்குத் தந்தது ஒரு பழுதான லொறி. சாய்ந்தமருதில் பிறந்த பக்கீர் முகைதீனைப் படிப்பு தொந்தரவு செய்யவில்லை. அவரும் அதைத் தொந்தரவு செய்யவில்லை. இருபது வயதில் அரிசி லொறியில் ஏறினார். 1976இல் கொழும்பில் ஒரு மைதானத்தின் மதிலோரம் லொறி நின்றுவிட்டது. டிரைவர் தள்ளுவதற்கு ஆள் பிடிக்கப் போனார். நாலு பேரோடு திரும்பி வந்தபோது லொறியைக் காணவில்லை. மூட்டைகளோடு அதைத் தனி ஆளாகத் தள்ளிச் சென்று, நூறு யார் தூரத்தில் ஒரு மர நிழலில் விட்டுவிட்டு, பக்கீர் முகைதீன் முகம் கழுவிக்கொண்டிருந்தார். மதிலுக்கு மேலால் இதைப் பார்த்துக்கொண்டிருந்த சிங்கள மாத்தயா ஒருவர் ஒரு கம்பனி அணியின் பயிற்சியாளர். அடுத்த கிழமையே பக்கீர் முகைதீனுக்கு அந்தக் கம்பனியின் களஞ்சியத்தில் வேலை கிடைத்தது. மூன்று வருடத்தில் நாட்டின் அணியிலும் இடம் கிடைத்தது.

சர்வதேச ஆட்டங்கள் மொத்தம் நாலு. எதிரணிகளின் பெயரைச் சொல்வது முறையல்ல. அவர்களுக்கும் பிள்ளைகுட்டிகள் உண்டு. நாலிலும் இலங்கை தோற்றது உண்மைதான். ஆனால் தோல்விக்கும் பக்கீர் முகைதீனுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பந்து ஓடியது, எதிரிகள் ஓடினார்கள், புள்ளிகள் ஓடின. அவர் நின்ற இடத்திலேயே நின்றார்.

1982 தை மாதம் கல்முனைக்குடியில் ஜெமீலாவைக் கல்யாணம் முடித்து, வேலையையும் கம்பனியின் கல்முனைக் கிளைக்கு மாற்றிக்கொண்டார். இந்தக் கரையோரத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவான். வீடு பெண்ணுடையது, அந்த வீட்டின் சட்டதிட்டம் பெண்ணின் தாயுடையது. அங்கே சட்டம் இயற்றியவர் ஜெமீலாவின் உம்மா ஆயிஷா உம்மா. கைம்பெண். முக்காட்டையும் சேர்த்து நிறுத்தாலும் எண்பது றாத்தல் தேறாது.

மாமியும் மருமகனும் ஒரே கூரையின் கீழ் இருக்கலாம், ஒரே சட்டிச் சோறு தின்னலாம், முகத்துக்கு முகம் கதைக்கக் கூடாது. ஆகையால் மாமி சமையலறையை விட்டு வெளிக்கிடும் முன் ஒரு தரம் இருமுவார். அதைக் கேட்டதும் மருமகன் அவ்விடத்தை விட்டு விலகிவிட வேண்டும். பத்து மாதமாகப் பக்கீர் முகைதீனுக்கு மாமியைத் தெரிந்தது ஓர் இருமலாகவும் ஒரு சோடி றப்பர் செருப்பின் சத்தமாகவும்தான்.

கார்த்திகையில் கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. நாட்டின் அணியோடு ஐந்து கிழமை, அதாவது முப்பத்தைந்து நாள், வெளிநாட்டுச் சுற்றுப்பயணம். ஞாயிற்றுக்கிழமை பயிற்சிக்கு வந்து சேர வேண்டும். அவருக்கு வயது இருபத்தாறைக் கடந்துகொண்டிருந்தது. களஞ்சிய வேலையில் வயிறும் கடந்துகொண்டிருந்தது. இதை விட்டால் இன்னொரு தரம் கூப்பிட மாட்டார்கள் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். இரவும் பகலும் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார்.

ஜெமீலாவுக்கு ஏழு மாதம். “உம்மா ஓமெண்டா எனக்கும் ஓம்” என்று சொல்லிவிட்டாள்.

பேச்சுவார்த்தை தொடங்கியது. இவர் முன்கூடத்தில், மாமி சமையலறையில், நடுவில் ஒரு துணித் திரை. ஐந்து கிழமைதான், ஓடி வந்துவிடுவேன் என்று இவர் சொல்வது மாமிக்குத் தெளிவாகக் கேட்கும். ஆனாலும் ஜெமீலா வயிற்றைத் தூக்கிக்கொண்டு போய் அதைத் திருப்பிச் சொன்ன பிறகுதான் மாமி பதில் சொல்வார். மாமியின் பதிலும் இவருக்குக் கேட்கும். ஜெமீலா கொண்டுவந்து சேர்க்கும் வரை இவர் கோபப்பட முடியாது. மூன்றாம் நடைக்குப் பிறகு ஜெமீலா கதிரையில் அமர்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு தீர்ப்பைச் சொன்னாள்.

“ஒரு காது கருவாடாப் பெய்த்தாம். மத்தக் காதாவது புள்ள அழுறதக் கேக்கக் கிடக்கட்டுமாம்.”

ஸ்க்ரத்தில் உராய்ந்து உராய்ந்து அவருடைய வலது காது மடங்கித் தடித்துப் போயிருந்தது. றகர் உலகில் அது ஒரு பதக்கம் மாதிரி என்று பதில் அனுப்பினார். பதக்கத்தைச் சட்டையில் குத்துவதுதானே வழக்கம் என்று மாமி கேட்டனுப்பினார்.

தூது சரிவராது, நேருக்கு நேர் நின்று சம்மதம் வாங்கப் போகிறேன் என்று பக்கீர் முகைதீன் தேத்தண்ணிக் கடையில் அறிவித்தார்.

“மாமிக்கு முன்னால நிக்கப் போறயா? எங்கட ஊரில ஒருத்தரும் நிண்டதில்ல” என்றார் சீனிமுகம்மது.

“நாலு நாட்டுக்காரனுக்கு முன்னால நிண்டவன் நான்.”

“அவனுகள் ஒனக்குச் சோறு தரல்லயே மச்சான்.”

அந்தக் கேலி அவரைத் தொடவில்லை. வியாழன் முழுவதும் களஞ்சியத்தில் அரிசி மூட்டைகளுக்கு முன்னால் பேசிப் பழகினார். இது தாய்நாட்டின் அழைப்பு, ஐந்தே ஐந்து கிழமை, திரும்பி வந்து பிள்ளையை நானே ஆட்டுவேன் என்று மூன்று பகுதிகள் கொண்ட உரை. மூட்டைகள் ஏகமனதாக ஏற்றுக்கொண்டன.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்தவர் முன்கூடத்தில் உட்காரவில்லை. சமையலறைக்கும் முன்கூடத்துக்கும் இடையிலான ஒடுக்கமான நடையில் போய் நின்றார். இரண்டு பேர் பக்கம் பக்கமாகப் போக முடியாத இடம். அவர் நின்றால் பூனையும் போக முடியாது. கால்களை அகட்டினார், முழங்காலை இலேசாக மடித்தார், முதுகை நிமிர்த்தினார்.

சமையலறையில் ஓர் இருமல். அவர் அசையவில்லை.

மறுபடி, சற்றுப் பலமாக. அசையவில்லை. கழுத்தில் வேர்வை மட்டும் இறங்கியது.

செருப்புச் சத்தம் கிட்ட வந்தது. மூலை திரும்பி, இரண்டு கையிலும் மீன் குழம்பு நிறைந்த ஆணச் சட்டியோடு ஆயிஷா உம்மா அவருக்கு எதிரே வந்து நின்றார். கை இரண்டும் சட்டியில் இருந்ததால் முக்காட்டை இழுத்து முகத்தை மூட வழியில்லை. பத்து மாதத்தில் முதல் தடவையாக முகத்துக்கு முகம் பார்த்தார்கள். பக்கீர் முகைதீன் கோபத்தை எதிர்பார்த்து நின்றார். கோபத்தோடு முட்டிப் பழகியவர். மாமியின் கண் அவருடைய முகத்தில் நிற்கவில்லை. சற்று விலகி, வலது காதில் போய் நின்றது. திரைக்குப் பின்னாலிருந்து பார்த்ததுதான், இவ்வளவு கிட்டத்தில் அதை மாமி பார்த்ததில்லை.

“நோகுதா மகன்?”

பயிற்சியாளர் கேட்டதில்லை. டொக்டர்மார் கேட்டதில்லை. நாலு நாட்டு எதிரிகளும் கேட்கவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

“இல்ல மாமி.”

அது மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் குரலாக இருந்தது. அதற்குப் பிறகு வரவேண்டிய தாய்நாடு வரவில்லை. மாமியின் கையில் சட்டியிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது. யாரும் தொடவில்லை, யாரும் தள்ளவில்லை. பக்கீர் முகைதீனின் வலது கால் தானாக எழும்பிப் பின்னால் ஊன்றியது. பிறகு இடது கால். மாமி ஓர் அடி வைத்தார், அவர் ஓர் அடி விட்டார். திரையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முன்கூடம் முழுவதையும் பின்பக்கமாகவே கடந்து, படியிறங்கி, முற்றத்து மணலில் போய் நின்றார்.

உள்ளே மேசையில் சட்டி வைக்கும் சத்தம் கேட்டது. பக்கீர் முகைதீன் சத்தமில்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு, வர இயலாது என்று கொழும்புக்குத் தந்தி அடிக்கத் தபால் கந்தோர்ப் பக்கம் நடந்தார்.