காற்றுப் போகாத துளைகள்

கார் வரையத்தான் நான் கோயம்புத்தூரிலிருந்து புனேவுக்கு வந்தேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. சிஞ்ச்வட்டில், உதிரிபாகப் பட்டறைகளுக்கு நடுவே, வண்டிகளுக்கு வெளித்தோற்றம் அமைத்துக் கொடுக்கும் ஒரு சின்ன நிறுவனம். டிசைனர் என்று வேலை உத்தரவில் போட்டிருந்தார்கள். முதல் ஒன்றரை வருடம் நான் வரைந்ததெல்லாம் ஸ்கூட்டர் மட்கார்டும் டெம்போவின் முகப்பும்தான்.

அவனை அங்கேதான் பார்த்தேன். என்னைவிட ஒரு வயது மூத்தவன். புனேவிலேயே கட்கி கண்டோன்மென்ட் பக்கம் மூன்று தலைமுறையாகக் குடியிருக்கும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். தமிழ் பேசுவான், படிக்கத் தெரியாது. பள்ளிப் படிப்போடு நிறுத்திக்கொண்டு, விபத்தில் நசுங்கிய கார்களைத் தட்டி நிமிர்த்தும் டென்டிங் கடையில் ஏழெட்டு வருடம் இருந்தவன். எங்கள் நிறுவனத்தில் களிமண்ணில் மாதிரி வடிவம் செய்யும் வேலை அவனுக்கு. களிமண் என்றால் மண் இல்லை. மெழுகுபோல ஒரு பழுப்புப் பொருள். அடுப்பில் சூடாக்கினால் இளகும், ஆறினால் இறுகும், கந்தக வாடை அடிக்கும். நான் காகிதத்தில் வரைவதை அவன் அந்தக் களிமண்ணில் முழு அளவில் செய்து நிறுத்துவான். எஃகுச் சுரண்டியால் இழைத்து இழைத்து வடிவம் கொண்டுவருவான்.

எனக்குக் கல்யாணமாகி மனைவி புனேவுக்கு வந்தபோது அவளுக்கு இந்தியும் தெரியாது, மராத்தியும் தெரியாது. அவனுடைய மனைவி பள்ளி ஆசிரியை. ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்ததும் லோக்கல் ரயில் பிடித்து எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். இவளை மண்டிக்குக் கூட்டிப்போய், காய்க்காரியிடம் எப்படிப் பேசுவது, கேஸ் ஏஜென்சியில் என்ன கேட்பது என்று எல்லாம் பழக்கிவிட்டார். ஒரு வருடத்தில் இருவரும் அக்கா தங்கை போல ஆகிவிட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் எங்களுக்கு அந்த வேலை வந்தது. மும்பையில் கட்டடங்கள் கட்டும் பெரிய பணக்காரர் ஒருவர், வெளிநாட்டு எஞ்சினை வைத்துச் சொந்தமாக ஒரு ஸ்போர்ட்ஸ் கார் கொண்டுவர ஆசைப்பட்டார். இரண்டே இருக்கை, நீளமான முன்பக்கம், சில டஜன் வண்டிகள் மட்டும். வெளித்தோற்றம் எங்கள் பொறுப்பு. நான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மட்கார்டு வரைந்த கைக்கு அப்படி ஒரு வேலை.

முன்விளக்கிலிருந்து கதவின் மேல்விளிம்பை ஒட்டி வால்விளக்குவரை ஒரே கோடு ஓடும்படி வரைந்தேன். காரின் தோள் என்று அதைச் சொல்வோம். காகிதத்தில் அது அருமையாக இருந்தது. களிமண்ணில் வந்ததும் அவன் அதன் மேல் பளபளக்கும் மெல்லிய பிளாஸ்டிக் படலத்தை நீரில் நனைத்து ஒட்டி, கூரையிலிருந்த டியூப்லைட்டுகளைப் போட்டான். வடிவத்தில் குறை இருந்தால் படலத்தில் விழும் வெளிச்சம் நெளிந்து காட்டிக்கொடுத்துவிடும்.

"இங்க ஏதோ கட்பட், கோளாறு இருக்கு" என்று பின்சக்கரத்துக்கு மேலே கை வைத்தான். "லைட் வந்துட்டே இருக்கு பாரு. இந்த இடத்துல வந்து சாகுது."

"டிராயிங்ல இருக்கற மாதிரி செஞ்சுட்டுப் போ" என்றேன். எனக்குக் கோபம்.

"டிராயிங் மாதிரிதான் இருக்கு. அதான் சொல்றேன்."

மறுநாள் நான் டீ குடித்துவிட்டு வந்தபோது வலது பக்கத்தில் களிமண் சேர்த்துச் சுரண்டியிருந்தான். இடது பக்கம் நான் வரைந்தபடி. வலது பக்கத்தில் தோள்கோடு கதவைத் தாண்டியதும் விரல் அகலம் மேலே எழும்பி, பின்சக்கரத்தின் மேல் படிந்து, வாலில் போய் இறங்கியது. "ரெண்டு பக்கமும் பாத்துட்டு அப்புறம் சொல்லு" என்றான். சுற்றி வந்து பார்த்தேன். இடது பக்கத்துக் கார் நின்றுகொண்டிருந்தது. வலது பக்கத்துக் கார் பாயத் தயாராக இருந்தது.

"சரி, ரெண்டு பக்கமும் அப்படியே பண்ணிடு" என்றேன். அன்று மாலையே என் பழைய படத்தைக் கிழித்துவிட்டு, அவனுடைய கோட்டை அளந்து புதுப் படம் வரைந்து என் கையெழுத்தைப் போட்டேன். படத்தில் டிசைனர்தான் கையெழுத்துப் போட வேண்டும். அதில் தவறு இருப்பதாக அப்போது எனக்குத் தோன்றவில்லை.

மும்பைக்காரர் பார்க்க வந்தார். கூடவே நாலைந்து பேர். எங்கள் முதலாளி, நாங்கள் சார் என்று அழைக்கும் மராத்திக்காரர், முன்னால் நடந்தார். மும்பைக்காரர் காரைச் சுற்றிவந்து அந்தத் தோளில் உள்ளங்கையை வைத்துத் தடவினார். "இது யார் போட்டது?" என்று கேட்டார். சார் என்னைக் காட்டினார். நான் தலையசைத்தேன்.

பிறகு அவர் கொஞ்சம் விலகி நின்றார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா பார்த்ததும் விலை தெரியணும், அது தெரியலை" என்றார். சட்டைப்பையிலிருந்து ஒரு வெளிநாட்டுப் பத்திரிகைத் துண்டை எடுத்தார். கதவுக்குப் பின்னால், காற்று உள்ளே போவதற்காக இரண்டு துளைகள் வைத்த கார் ஒன்று அதில் இருந்தது. அதேபோல நம் காருக்கும் வேண்டும் என்றார். அந்தக் காரில் எஞ்சின் பின்னால். எங்கள் காரில் எஞ்சின் முன்னால். நாங்கள் துளை வைத்தால் அதன் வழியே காற்று போக இடமே இல்லை. வெறும் குழி வெட்டிக் கறுப்பு வலை ஒட்ட வேண்டியதுதான்.

"உங்க எல்லாருடைய கருத்தையும் சொல்லுங்க" என்றார் அவர். எல்லாரும் சாரைப் பார்த்தார்கள். சுரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அவன்தான் பக்கத்தில் நின்றான். அவர் அவனைப் பார்த்தார்.

அவன் இந்தியில், ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னான். எஞ்சின் முன்னால் இருக்கிறது, இங்கே காற்று போகாது. தோளில் ஓடிவருகிற வெளிச்சத்தை இந்தத் துளை கீழே இழுத்துவிடும். அழகான ஆள் கன்னத்தில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்ட மாதிரி இருக்கும்.

மும்பைக்காரருடன் வந்த ஒருவர் சிரித்துவிட்டார். அதுதான் வினையானது. மும்பைக்காரரின் முகம் மாறியது. சார் அவசரமாக என் பக்கம் திரும்பி, "டிசைனர் நீதானே, உன் கருத்து என்ன?" என்றார்.

அவன் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். எங்களில் ஒருவரை ஆறு மாதப் பயிற்சிக்கு இத்தாலிக்கு அனுப்பப்போவதாக இரண்டு நாளைக்கு முன்புதான் சார் சொல்லியிருந்தார். அதுவும் எனக்கு நினைவிருந்தது.

"துளை வேணும் சார். பக்கவாட்டு கொஞ்சம் வெறிச்சுன்னுதான் இருக்கு" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அவனுக்குத் தகடு தட்டித்தான் பழக்கம். ஸ்டைலிங் தெரியாது" என்றும் சொன்னேன்.

அவன் என்னைப் பார்க்கவில்லை. கையிலிருந்த சுரண்டியைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தான்.

அந்தத் துளைகளையும் அவனேதான் வெட்டினான். நான்கு நாள் வேலை. ஓரங்கள் கத்தி போல, அத்தனை சுத்தம். வேலை முடிந்த வாரம், வாடிக்கையாளர் முன்னால் மரியாதையில்லாமல் பேசினான் என்று காரணம் சொல்லி சார் அவனை நிறுத்திவிட்டார். விஷயம் தெரிந்து நான் கேட்டுக்கு ஓடினேன். சுரண்டிகளைத் துணியில் சுற்றி சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டிருந்தான்.

"எனக்கு வேற வழி இல்லடா" என்றேன்.

"இருந்துச்சு. சும்மா நின்னிருக்கலாம்" என்றான். "அந்த மும்பை ஆள் மேல எனக்குக் கோபம் இல்ல. அவனுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் மனைவி எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. பத்துப் பதினைந்து நாள் கழித்து என் மனைவி வெறும் பையோடு மண்டியிலிருந்து திரும்பி வந்தாள்.

"அக்காவைப் பார்த்தேனுங்க. என்னையப் பார்த்துட்டு அந்தப் பக்கம் திரும்பிப் போயிட்டாங்க. நீங்க அங்க என்னங்க சொன்னீங்க?"

சொன்னேன். அவள் வெறும் பையை மடித்து வைத்தாள்.

"மொதல்ல சொன்னது வேலைக்காகச் சொன்னீங்க, சரி. ரெண்டாவது சொன்னது எதுக்குங்க?"

அந்த இரண்டாவதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன். அவன் சுரண்டிய பக்கம் என் பக்கத்தைவிட நன்றாக இருந்தது என்பதைத் தவிர அவன் எனக்கு ஒன்றும் செய்ததில்லை.

இத்தாலிக்குப் போனேன், வந்தேன். பணமும் அனுமதியும் இழுபறியாகி, இரண்டாயிரமாம் ஆண்டுக்குப் பிறகுதான் அந்தக் கார் வெளியே வந்தது. பத்திரிகைகள் எழுதின. துளைகளைக் கேலி செய்யாதவர்கள் இல்லை. கடையில் வாங்கி ஒட்டியது போல இருக்கிறது என்றது ஒன்று. ஆனால் எல்லாருமே அந்தத் தோளைப் புகழ்ந்தார்கள். இந்தியாவில் ஒரு காருக்கு இப்படி ஒரு கோடு அமைந்ததில்லை என்று எழுதினார்கள். துளைகள் முதலாளிகளின் கட்டாயம், தோள்தான் டிசைனரின் கைவண்ணம் என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். சார் ஆபீஸ் முழுக்கப் பேடா கொடுத்தார்.

ஒரு நிருபர் என்னைப் பேட்டி காண வந்தார். அந்தக் கோடு எப்படித் தோன்றியது என்று கேட்டார். மும்பை ரயிலில் போகும்போது கண்டாலா மலை முகடுகளை ஜன்னல் வழியாகப் பார்த்ததில் தோன்றியது என்று சொன்னேன். யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது. என் போட்டோவைப் போட்டு, அதைத் தனிக் கட்டத்தில் அச்சிட்டிருந்தார்கள்.

அந்தக் காரை வாங்கிய புனேக்காரர் ஒருவர், துளைகளை எடுத்துவிட்டுக் கொடுங்கள் என்று எங்களைக் கேட்டார். மாட்டோம் என்று சொல்லிவிட்டோம். அவர் வேறு எங்கேயோ கொடுத்து மாற்றுகிறார் என்று தகவல் வந்தது. வடிவத்தை மாற்றக்கூடாது என்று எச்சரித்து, டிசைன் தலைவர் என்ற முறையில் என் கையெழுத்தோடு ஒரு கடிதம் தயார் செய்து, நேரில் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னார் சார். முகவரி கட்கியில் ஒரு டென்டிங் கடை. அந்த முகவரியை இரண்டு முறை படித்தேன்.

தகரக் கொட்டகை. நடுவில் அந்தக் கார். முன்தலை நரைத்து அவன் பக்கத்தில் நின்றான். துளைகள் இல்லை. அந்த இடத்தில் புதுத் தகடு வைத்து இழைத்து, கார் நிறத்திலேயே பெயின்ட் அடித்திருந்தான். திறந்திருந்த கதவு வழியாக வந்த பகல் வெளிச்சம் முன்விளக்கில் ஏறி, தோளில் ஓடி, எங்கும் நிற்காமல் வாலில் போய் இறங்கியது. பக்கவாட்டில் வெறிச்சென்று ஒன்றும் இல்லை.

"பேப்பர்ல பாத்தேன்" என்றான். "மலையைப் பாத்துப் போட்டியாமே."

நான் புதுத் தகட்டின் விளிம்பைத் தேடுவதுபோலக் குனிந்தேன்.

"எந்த மலை?" என்றான். கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவன் போலக் கேட்டான்.

என் கையிலிருந்த உறையைக் கவனித்து என்னவென்று கேட்டான். கொடுத்தேன். ஆங்கிலம் நன்றாகப் படிப்பான். முழுவதும் படித்தான். கையெழுத்தைப் பார்த்தான்.

"இதை நான் வாபஸ் வாங்கிடறேன்" என்றேன்.

"எதுக்கு? உன் வேலையை நீ பாரு." கடிதத்தை மடித்து என்னிடமே நீட்டினான். "வீட்ல நல்லா இருக்காங்களா?"

"நல்லா இருக்கா. உங்க வீட்டுக்காரங்களை இன்னும் கேட்டுட்டே இருக்கா."

"சொல்றேன்" என்றான். பிறகு குரலை உயர்த்தாமல், "இனிமே இங்க வராத. கஸ்டமர் வர்ற இடம்" என்றான்.

ஆபீஸுக்குத் திரும்பி முதல் தடவையாக உள்ளதை எழுதினேன். மாற்றம் நம் வடிவத்தைவிடச் சிறப்பாக இருக்கிறது, நடவடிக்கை தேவையில்லை, அந்தத் தோள்கோடு ஆதியில் அந்தக் கடைக்காரர் போட்டதுதான். சார் படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"அந்தக் கார்க்காரர் மந்திரிக்குச் சொந்தக்காரராம். நாம ஒண்ணும் செய்யப்போறதில்ல, கடிதம் வேண்டாம்" என்றார். "இதுவும் வேண்டாம். எனக்கு அப்பவே தெரியும், பழைய விஷயம்." என் காகிதத்தை இரண்டாகக் கிழித்துக் கூடையில் போட்டுவிட்டு, டெம்போ வேலை எந்த அளவில் இருக்கிறது என்று கேட்டார். நானும் அதற்குப் பதில் சொல்ல ஆரம்பித்தேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். உண்மையை எழுதிக் கொடுத்துவிட்டேன் என்று சொல்லும்போது என் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்திருக்க வேண்டும். அவள் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"பத்திரிகைக்கு எழுதுனீங்களா?"

"இல்ல. சாருக்கு."

"அவருக்குத்தான் மொதல்லயே தெரியுமேங்க" என்றாள்.

பத்திரிகைக்கு எழுத எனக்குப் பல வருடங்கள் இருந்தன. எழுதவில்லை. பிறகு புனேவிலேயே மகர்பட்டாவில் ஒரு கம்பெனிக்கு மாறினேன். அங்கே களிமண் கிடையாது, எல்லாம் கம்ப்யூட்டர் திரையில்தான். இளைஞர்கள் வடிவங்களைச் சுழற்றிக் காட்டி, "சார், உங்க ஒப்பினியன்?" என்று கேட்பார்கள். நன்றாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், மேலே இருப்பவர்கள் என்ன சொன்னார்கள் என்று முதலில் விசாரித்துக்கொள்வேன்.