காருக்குப் போட்ட காவித் தரை

காந்திமதிநாதன் என் அக்கா பிச்சம்மாளைக் கட்டிக்கொண்டவர். தென்காசியில் சர்க்கார் பள்ளிக்கூடத்தில் தலைமை எழுத்தர். ஊரில் நாலு கோட்டை விதைப்பாடு நஞ்சை உண்டு; பெருமை மட்டும் நாற்பது கோட்டைக்கு. மச்சினன் சொன்னால் கேலியாகத்தான் இருக்கும் என்பார்கள். இருக்கட்டும், கேலிதான்.

1957-இல் அத்தான் செங்கோட்டைப் பக்கத்து எஸ்டேட்காரர் ஒருவரிடம் பழைய ஆஸ்டின் கார் வாங்கினார். அதில் குற்றாலம் போவார். மூன்று மைல் தூரத்துக்குள் நாலைந்து மாட்டுவண்டிகள் அவரை முந்திப் போகும். வைகாசி பிறந்ததும் மனிதரைக் கவலை பிடித்துக்கொண்டது. சாரல் தொடங்கினால் மூன்று மாதத்துக்கு எதுவும் காயாது. கார் நிற்கும் கொட்டகையின் மண்தரையில் ஈரம் ஊறி ஓதம் ஏறினால் காரின் அடித்தகடு துருப்பிடித்துப் போகுமே!

அதே ஓதம் அக்காவின் அடுக்களையில் பதினெட்டு வருஷமாக ஏறிக்கொண்டிருந்தது. சாணி மெழுகிய தரை ஆனி, ஆடியில் சேறாகிவிடும். சாக்கை விரித்து அதன்மேல் நின்றுதான் சமைப்பாள். முந்தின வருஷம் சோற்றுப்பானையோடு வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டு முறிந்தது. கட்டு அவிழ்த்த பிறகும் கை கோணலாகவே நின்றுவிட்டது.

"இங்கன ரெண்டு மூடை சிமிண்டு போட்டாப் போதும்" என்று சித்திரைதோறும் கேட்பாள்.

"பாப்போம்" என்பார் அத்தான்.

கார் வாய் திறந்து கேட்கவில்லை. அதற்குத்தான் கிடைத்தது.

அப்போதெல்லாம் சிமிண்டு கடையில் போய்க் கேட்டவுடன் கிடைக்காது. தாலுகா ஆபீஸில் எழுதிக் கொடுத்துப் பெர்மிட் வாங்க வேண்டும். கார் கொட்டகை என்று எழுதினால் தர மாட்டார்கள். அதனால் அத்தான் தமது முத்து முத்தான கையெழுத்தில், 'சமையலறைத் தரை பழுதுபட்டு, என் மனைவி வழுக்கி விழுந்து கை முறிந்த காரணத்தால்' என்று விண்ணப்பம் எழுதினார். முறிந்த கைக்கு எட்டு மூடை கிடைத்தது. இதை அவரே என்னிடம் தொடையில் தட்டிச் சிரித்துக்கொண்டு சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா பக்கத்தில்தான் நின்றாள். உள்ளே போய்விட்டாள்.

நம்பிராஜன் கொத்தனார் வந்து கொட்டகையில் ஜல்லி போட்டு இடித்தார். சிமிண்டு பூசி, மேலே சிவப்புக் காவி கலந்த சிமிண்டுப் பாலை ஊற்றிக் கரண்டியால் தேய்த்தார். சுற்றிலும் வரப்பு கட்டி ஏழு நாள் தண்ணீர் நிறுத்தினார். கடைசியில் தேங்காய் எண்ணெயைத் துணியில் நனைத்து அத்தானே மண்டிபோட்டுத் தேய்த்தார். தாளிக்க ஒரு கரண்டி எண்ணெய் கூடினால் வீட்டையே இரண்டாக்குகிற மனிதர்! தரையில் முகம் தெரிந்தது. குனிந்து தம் மீசையை அதில் பார்த்து ஒதுக்கிக்கொண்டார்.

சாரல் இறங்கிய அன்று கொத்தனார் வந்தார். "அண்ணாச்சி, வண்டிய உள்ள ஏத்துங்க."

அத்தான் காருக்கடியில் குனிந்து பார்த்தார். என்ஜினிலிருந்து கறுப்பாக எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. டயரெல்லாம் சேறு.

"தரை பாழாப் போயிருமேய்யா. ரெண்டு நாள் போவட்டும்."

இரண்டு நாள் இருபது நாளானது. கொட்டகையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டார். கார் முற்றத்தில் நனைந்தது. அக்கா சாக்கின்மேல் நின்றாள். அந்த வீட்டில் ஈரம் படாமல் சுகமாக இருந்தது காவித் தரை ஒன்றுதான்.

நான் புளியங்குடியில் எலுமிச்சை மண்டியில் வேலை பார்த்தேன். ஆனி மாதம் ஒரு நாள் காலையில் அக்காவைப் பார்க்கப் போயிருந்தபோது, தாலுகா ஆபீஸ் சேவகன் வந்து நின்றான். பெர்மிட் சிமிண்டைச் சிலர் வெளியே விற்றுவிடுகிறார்களாம். பத்து மணிக்கு ஆபீஸர் வந்து சமையலறையைப் பார்ப்பாராம்.

அத்தானுக்கு முகம் வெளிறிவிட்டது. "சர்க்கார் சம்பளம் வாங்குதவன் பொய் எழுதிக் குடுத்தேன்னு வந்தா வேலை போயிரும் மாப்ளே!" என்றார் என்னிடம். பிறகு அடுக்களை வாசலுக்கு ஓடினார். "ஏட்டி, இன்னும் வேலை ஆரம்பிக்கலன்னு சொல்லிரு."

"அப்போ சிமிண்டு எங்கனன்னு கேட்டா?"

அத்தான் வாசலைத் திரும்பிப் பார்த்தார். அக்கா கோணல் கையை நீட்டினாள். "சாவியத் தாங்க."

கொட்டகையைத் திறந்ததும், வழுக்காமல் இருக்க ஒரு கூடை அடுப்புச் சாம்பலைத் தரை முழுக்கத் தூவினாள். அத்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். செங்கல் வைத்து அடுப்புக் கூட்டினாள். நானும் சேதி கேட்டு ஓடி வந்த கொத்தனாரும் அம்மியைத் தூக்கி வந்தோம். ஆபீஸர் குடையை மடக்கியபோது உலை கொதித்துக்கொண்டிருந்தது.

"சமையலறைக்கு எதுக்கம்மா இவ்வளவு பெரிய கதவு?"

"விறகு வண்டி உள்ள வரணும்லாய்யா."

ஆபீஸர் அவள் கையைப் பார்த்தார். ஏதோ எழுதிக்கொண்டார். காபி குடித்தார். "அடுக்களைக்கு இப்படித் தரை போட்டவரை நான் பார்த்ததே இல்லை. கொடுத்துவைத்தவர் நீங்கள்" என்றார் அக்காவிடம்.

அத்தான் அடக்கமாகக் கும்பிட்டார். "நம்ம வீட்டுப் பொம்பளைய நாமதான பாத்துக்கிடணும்?"

எனக்கு அம்மிக் குழவியைத் தூக்க வேண்டும்போல் இருந்தது.

ஜீப்புச் சத்தம் தேய்ந்ததும் அத்தானுக்குக் குரல் திரும்பிவிட்டது. "போயிட்டான். அடுப்ப அங்கன கொண்டு போ. தரையெல்லாம் கரியாப் போச்சு."

"ரசம் கொதிக்கி" என்றாள் அக்கா.

"கொதிச்சதும் எடு."

"எடுக்க மாட்டேன். சமையலறைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டது நீங்க. இது சமையலறைதான்."

பதினெட்டு வருஷத்தில் அவள் அவரிடம் மாட்டேன் என்று சொல்லி நான் கேட்டது அன்றுதான். அத்தானும் அன்றுதான் கேட்டார் போலிருக்கிறது. என்ன செய்வதென்று தெரியாமல் என்னைப் பார்த்தார். நான் மோட்டுவளையைப் பார்த்தேன்.

"அப்போ கார எங்கன விடுதது?" என்றார், குரல் இறங்கி.

அக்கா அகப்பையால் பழைய அடுக்களையைக் காட்டினாள். "அது காலியாத்தான கெடக்கு. சுவர இடிச்சு அங்கன விடுங்க."

அத்தான் நிஜமாகவே இடம் பார்க்கப் போனார். இரண்டு அடி வைப்பதற்குள் சேற்றில் வழுக்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். அங்கிருந்தபடியே அவர் போட்ட சத்தம் கொட்டகை வரை கேட்டது.

"ஏட்டி, உனக்கு மனசாட்சி இருக்கா? இந்த ஓதத்துல கார எப்படி விடுதது?"