கீழ்நோக்கிய அம்பு

ரோஸ்லின் வீடெக்கைப் பரம சாது என்று நினைத்தவர்கள் அந்த நெப்ராஸ்கா ஊரில் நிறையப் பேர். அவர்கள் யாரும் அவளிடம் வம்பு செய்து பார்த்ததில்லை. செய்தவன் டிரெவர் ப்ரூனிங் ஒருவன்தான்.

பதினோராம் வகுப்பில் அவள் எழுதிய ஆய்வக அறிக்கையை அவன் வரிக்கு வரி காப்பியடித்தான். இயற்பியல் டீச்சர் மிஸஸ் லிண்ட்க்விஸ்ட் இருவரையும் கூப்பிட்டு விசாரித்தபோது, இவள் வாயைத் திறப்பதற்குள் அவன் கண்ணைக் கசக்கிவிட்டான்.

"மிஸ், நான் நம்பித்தான் குடுத்தேன். இவ அப்படியே எழுதிக்குவான்னு எனக்கெப்படித் தெரியும்?"

கால்பந்து அணியின் செல்லப் பிள்ளை அழுதால் அந்த ஊர் தாங்காது. ரோஸ்லினுக்குப் பூஜ்யம் விழுந்தது. பல்கலைக்கழகக் கோடைப் பயிற்சியில் அவளுக்கு இருந்த இடமும் அவனுக்கே போயிற்று. போய் வந்தவன் அங்கே கொடுத்த பனியனைப் போட்டுக்கொண்டு திரிந்தான். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரிந்தது.

அடுத்த ஆண்டு இருவரும் பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் நடக்கும் ஏபி மெக்கானிக்ஸ் எடுத்தார்கள். நுண்கணிதத்தோடு சேர்ந்த பாடம். மே மாதத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கினால் கல்லூரியில் முதலாண்டு இயற்பியலைத் தாண்டிவிடலாம். இன்ஜினியராகப் போவதாக ஊரெல்லாம் தண்டோரா போட்டிருந்த டிரெவர், பல்லைக் காட்டிக்கொண்டு வந்து நின்றான்.

"ரோஸ், பழசெல்லாம் மறந்துடுடி. ஹோம்வொர்க் மட்டும் கொஞ்சம் காட்டு."

"அதுக்கென்ன, எடுத்துக்கோ."

மறப்பாளாமே, அவளாவது மறப்பதாவது!

அன்றிலிருந்து எல்லாக் கணக்கிலும் ரோஸ்லின் கீழ்த்திசையைப் பிளஸ் என்று வைத்துக்கொண்டாள். அதில் தப்பே கிடையாது. எந்தத் திசையையும் பிளஸ்ஸாக எடுக்கலாம். முதலிலேயே சொல்லிவிட வேண்டும், கடைசிவரை மாறக் கூடாது. தாளின் மூலையில் கீழ்நோக்கி ஒரு சின்ன அம்பு போட்டுவிட்டுத்தான் அவள் தொடங்குவாள். மேலே எறிந்த பந்தின் வேகம் மைனஸ், புவியீர்ப்பு பிளஸ். டிரெவர் கணக்கை எழுதிக்கொண்டு அம்பை விட்டுவிடுவான். "அம்பு எங்கே?" என்று டீச்சர் சிவப்பு மையில் கேட்டுக்கொண்டே இருந்தார். அவன் படித்தால்தானே? வகுப்புத் தேர்வில் இழந்த மதிப்பெண்ணைத் திருத்தி எழுதிக் கொடுத்து மீட்டுக்கொள்ளலாம் என்பது பள்ளி வழக்கம். அந்தத் திருத்தமும் அவள் தயவுதான்.

பனிக்காலத்தில் ஒருநாள் அவளுக்கே மனம் இளகிவிட்டது.

"டிரெவர், இந்த அம்புதான் முக்கியம். எதுக்குன்னா…"

"ஐயோ, பாடம் எடுக்காதே தாயே. விடை போதும்."

அதற்குப் பிறகு அவள் வாயைத் திறக்கவில்லை.

மே மாதத் தேர்வு முடிந்து கேள்விகள் வெளியானதும் டீச்சர் அவற்றை வகுப்பில் போடச் சொன்னார். மேலே எறிந்த பந்து, கூடவே காற்றின் தடை. டிரெவர் மார்பை நிமிர்த்திக்கொண்டு போர்டுக்குப் போனான். மேலே போகும் வேகத்துக்கு எல்லாரையும் போலப் பிளஸ் போட்டான். புவியீர்ப்புக்குக் கை பழகிய அதே பிளஸ்.

"டேய், உன் பந்து எப்படா கீழ வரும்?" என்று பின்பெஞ்சிலிருந்து ஒருவன் கேட்டான்.

"தேர்வுலயும் இப்படியேவா எழுதினே?" என்றார் டீச்சர். அவன் முகம் செத்துவிட்டது.

வெளியே வந்ததும் ரோஸ்லினை மடக்கினான். "நீதான்டி இப்படிச் சொல்லிக் குடுத்தே!"

"நான் எங்கடா சொல்லிக் குடுத்தேன்? நீ பாத்து எழுதினே. என்னோடதுல ஒரு வரி தப்புன்னு காட்டு, பாக்கலாம். இல்ல, வா, மிஸ்கிட்டயே போய்ச் சொல்லுவோம்."

போனால் ஆண்டு முழுக்கக் காப்பியடித்ததையும் சொல்ல வேண்டுமே. இந்த முறை கண்ணைக் கசக்க வழியில்லை.

ஜூலையில் மதிப்பெண் வந்தது. ஐந்துக்கு அவளுக்கு ஐந்து, அவனுக்கு இரண்டு. அவனுடைய இரண்டுதான் அவளுக்கு அதிகம் இனித்தது.

கல்லூரியில் முதலாண்டு இயற்பியலில் டிரெவர் கோட்டைவிட்டான். மறு ஆண்டு மறுபடியும் அதே பாடம். கணக்கில் தடுமாறுகிறவர்களுக்கு உதவ ஓர் அறை இருந்தது. சம்பளத்துக்கு அங்கே உட்கார்ந்திருந்தவள், அதே கல்லூரியில் சேர்ந்திருந்த ரோஸ்லின். அவளைக் கண்டதும் திரும்பிப் போகப் பார்த்தான். அன்று சொல்லிக் கொடுக்க வேறு மேசையில் ஆள் இல்லை. தாளை அவள் பக்கம் தள்ளினான்.

"முதல்ல அம்பைப் போடு."

"எந்தப் பக்கம்?"

"உன் இஷ்டம்."

பார்த்துப் பார்த்து மேல்நோக்கி ஓர் அம்பு போட்டு, பக்கத்தில் பிளஸ் எழுதினான். அதில் ஒரு குறையும் இல்லை.

"அழிச்சுட்டு மறுபடி போடு" என்றாள் ரோஸ்லின்.