வெள்ளிக்கிழமை ஐந்து மணிப் படம்

அக்கா வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனபோது அவளுடைய மகளுக்கு ஒரு வயதும் இரண்டு மாதமும். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை தன் தாயைப் பார்த்ததெல்லாம் வெள்ளிக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்கு, என் மடிக்கணினியில்தான். பார்த்தது என்று சொல்வதே பெரிய வார்த்தை. படம் வரும், வந்த வேகத்தில் நின்றுவிடும். வாய் பாதி திறந்தபடியோ, கை முக்காட்டைச் சரிசெய்யப் போகிற வழியிலோ அக்கா அப்படியே நின்றுபோவாள். குரல் மட்டும் துண்டு துண்டாக வந்துகொண்டிருக்கும். பிள்ளை அந்தப் படத்தின் கன்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டு விளையாடப் போய்விடுவாள். அந்தப் படத்துக்கு அவள் வைத்த பெயர் போட்டோ அம்மா. அம்மா என்று கூப்பிட்டது என்னை.

இரண்டாயிரங்களின் கடைசி அது. நான் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். உத்தியோகம் கிடைத்ததும் இவள் லயத்தை விட்டுக் கிளம்பிவிடுவாள் என்று எல்லாரும் சொன்னார்கள். நான் கிளம்பவில்லை. அம்மா இன்னும் மலைக்குப் போய்க் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள், நாங்கள் இருந்த காம்பரா அவளுடைய வேலையோடு வந்தது. அக்காவின் புருஷன் கொழும்பில் ஒரு கடையில் நின்றார், தீபாவளிக்குத்தான் வருவார். ஆகவே வீட்டில் அம்மா, நான், பிள்ளை மூன்று பேர்.

டயகமப் பக்கம் ஒரு மேட்டில் வரிசையாகக் கட்டிய லயம். பத்துக் காம்பராக்களுக்கும் ஒரே தகரக் கூரை, நடுச்சுவர்கள் எதுவும் கூரையைத் தொடாது. ஒரு காம்பராவில் வெங்காயம் வதக்கினால் நாலாவது காம்பராவில் பசிக்கும். பின்னேரம் நாலரைக்கு மேல் பனி பள்ளத்திலிருந்து ஏறி வரும். முதலில் தண்ணீர் பிடிக்கிற பீலி மறையும், பிறகு கோயில் மரம், பிறகு வாசல். ஐந்து மணிக்கு எங்கள் லயம் எதிலும் ஒட்டாமல் தனியாக மிதந்துகொண்டிருக்கும். அந்த நேரம் பார்த்துப் பாலைவனத்து வெயிலிலிருந்து ஒருத்தி எங்கள் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பது எனக்குக் கடைசிவரை கனவு மாதிரித்தான் இருந்தது.

அக்கா வேலை செய்த வீட்டுக்காரர்கள் வெள்ளிக்கிழமை வெளியே போவார்கள். போகும்போது அந்த வீட்டுப் பெரிய மகள் தன் கணினியை அரை மணி நேரத்துக்கு அவளிடம் கொடுத்துவிட்டுப் போவாள். அந்த அரை மணி நேரம்தான் அக்காவுக்கு வாரம். அவள் திரும்பி வர எட்டு மாதம் இருந்தது. ஒருநாள் சாதாரண போனில் எடுத்து, சுற்றி வளைக்காமல் கேட்டாள்:

"நான் வந்து எறங்கையில புள்ள என்னயப் பார்த்துப் பயந்து அழுதுட்டா, நான் என்னடி செய்வேன்?"

அப்படியெல்லாம் ஆகாது என்று சொன்னேன். ஆகும் என்று எனக்குத் தெரியும். இன்னொன்றும் தெரியும், அதை இத்தனை வருஷம் யாரிடமும் சொன்னதில்லை. படம் நின்றுபோகிற அந்த ஒரு நொடியில் எனக்குள் ஏதோ ஒன்று நிம்மதியாக மூச்சு விடும். பிள்ளை என் மடியில் இருப்பாள், என் கழுத்துச் சங்கிலியைச் சப்பிக்கொண்டு. அந்த நிம்மதிக்காக என்னை நானே திட்டியிருக்கிறேன். கோபம் எனக்கு மூக்கு நுனியில் என்று அம்மா சொல்வாள். அந்தக் கோபத்தில் பாதி என் மேலேயே இருந்தது.

எப்படியாவது படத்தை ஓட வைப்பது என்று முடிவு செய்தேன். எங்களிடம் இருந்தது ஒரு டொங்கிளும் ரூட்டரும். டொங்கிள் போன் கோபுரத்திலிருந்து இன்டர்நெட்டைப் பிடிக்கும், ரூட்டர் அதைக் கம்பியில்லாமல் வீட்டுக்குள் பரப்பும். இரண்டையும் வாங்கிய நாளில் பத்திரமாக இருக்கட்டும் என்று தகரப் பெட்டிக்குப் பின்னால் வைத்து, பூப்போட்ட துணியால் போர்த்தியிருந்தேன். அம்மா தன் பங்குக்கு ரூட்டருக்கு விபூதி பூசியிருந்தாள். பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்த யாழ்ப்பாணத்து சேரிடம் இதைச் சொன்னபோது அவர் சோக்கைக் கீழே வைத்துவிட்டார்.

"தகரத்துக்குப் பின்னால வைச்சு, துணியும் மூடினால், அது என்னெண்டு வேலை செய்யும் ரீச்சர்?"

பிறகு கொப்பித் தாள் ஒன்றைக் கிழித்து எழுதிக் கொடுத்தார். ரூட்டரை உயரத்தில், வெளியாக வை. டொங்கிளுக்குக் கோபுரம் தெரிகிற இடம் தேடு. கடைசியாக, உன்னுடைய லைனில் வேறு யார் இருக்கிறார்கள் என்று பார். மூன்றாவதை நான் சரியாகக் கவனிக்கவில்லை. எங்கள் லயத்தில் எல்லாவற்றிலும் எல்லாரும் இருப்பார்கள்.

அடுத்த இரண்டு பின்னேரமும் டொங்கிளைச் செருகிய மடிக்கணினியைத் திறந்தபடி ஏந்திக்கொண்டு லயத்து முன் திண்ணையான இஸ்தோப்பு நெடுக நடந்தேன். சிக்னல் கோடு ஒன்று வரும், போகும். பனிக்குள் என் முகம் மட்டும் நீலமாகத் தெரிகிறதென்று சின்னப் பிள்ளைகள் பின்னாலேயே வந்தார்கள். எங்கள் வாசலில் ஒரு கோடு. கோயில் பக்கம் அதுவும் இல்லை. எங்களுக்கு அடுத்தது, லயத்தின் கடைசியில் இருந்த தொங்கல் காம்பரா. அதன் பக்கத்து ஜன்னலில் நின்றதும் நாலு கோடு எழும்பியது. எதிர்மலையில் கோபுரத்தின் சிவப்பு விளக்கு பனிக்குள் எரிந்துகொண்டிருந்தது. எவ்வளவு நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன் என்று தெரியாது. அக்கா அந்த விளக்குக்குள்தான் எங்கேயோ இருக்கிறாள் என்று பட்டது.

தொங்கல் காம்பரா மதினியுடையது. சொந்தத்தில் மதினி இல்லை, முறைக்கு மதினி. நான் ஜன்னலைக் கேட்டேன். எதற்கு என்றுகூடக் கேட்காமல் ஜன்னல் திட்டில் இருந்த சவர்க்காரத்தை எடுத்துவிட்டு இடம் கொடுத்தாள். அட்டன் டவுன் கடையில் நீளமான வயர் ஒன்று வாங்கி, டொங்கிளை அலுமினியச் சட்டி மூடி ஒன்றின் நடுவில் கட்டி, மூடியின் குழிவைக் கோபுரத்துக்குத் திருப்பி வைத்தோம். வயரைச் சுவருக்கு மேலே இருந்த இடைவெளி வழியாக மதினி வீசினாள், நான் இந்தப் பக்கம் பிடித்தேன். ரூட்டர் எங்கள் சாமி தட்டுக்கு மேலே ஏறியது. திங்கள் முதல் வியாழன் வரை காலையிலும் மத்தியானத்திலும் சோதித்துப் பார்த்தேன். தண்ணீராக ஓடியது.

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு அக்கா வந்தாள், சிரிக்கத் தொடங்கினாள், பாதிச் சிரிப்பில் நின்றுபோனாள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டார் என்பது இதுதான். பிள்ளை கன்னத்தைத் தடவிவிட்டு எழுந்து போனாள்.

அப்போதுதான் சேர் எழுதிய மூன்றாவது வரி ஞாபகம் வந்தது. மடிக்கணினியில் ரூட்டரின் விவரப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். என் மடிக்கணினியோடு சேர்த்து ஏழு பேர் லைனில் இருந்தார்கள். கொழும்புக் கடைகளில் வேலை செய்த எங்கள் பிள்ளைகள் லீவில் வரும்போது கொண்டுவந்த போன்கள், மதினியின் மகனுடைய கணினி, இன்னும் யார் யாரோ. வேலை விட்டு எல்லாரும் வீடு திரும்புகிற நேரம் ஐந்து மணி. ஆளுக்கொரு படத்தை இறக்கிக்கொண்டிருந்தார்கள். நான் பாஸ்வேர்டே போட்டிருக்கவில்லை.

உடனே போட்டேன். மறந்து போகாமல் இருக்க அம்மாவின் பெயரோடு தோட்டத்துப் பேர்ப்பதிவில் அவளுக்குரிய செக்ரோல் நம்பரைச் சேர்த்தேன். இனிமேல் ஒரு ஈ நுழைய முடியாது என்று நினைத்தேன். மறுநாள் பின்னேரம் பார்த்தால் ஏழு பேரும் உள்ளே இருந்தார்கள். அம்மாவிடம் கத்தினேன். அவள் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"என் நம்பரவா வச்சுப் பூட்டுன? தெனம் காலையில ஆள் பிரிக்கிற பெரட்டுல கூப்புடுறாங்க, கொழுந்து நிறுக்கையில கூப்புடுறாங்க. இந்த லயத்து நாய்க்குக்கூட அது மனப்பாடம்."

இருபது வருஷமாக எட்டு ஊருக்குக் கேட்கக் கூப்பிட்ட நம்பரை ரகசியம் என்று வைத்த டீச்சர் நான் ஒருத்திதான் இருப்பேன். அவமானத்தில் ரோஷம் வந்தது. யாரும் நினைக்கவே முடியாத எழுத்துகளையும் இலக்கங்களையும் கலந்து புதிதாக ஒன்று போட்டேன். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. அந்த விவரப் பக்கத்தில் என் மடிக்கணினி மட்டும் தனியாக இருந்தது. அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

எங்கள் லயத்தில் பகலில் கதவு சாத்த மாட்டார்கள். சாத்தினால் ஒன்று வீட்டில் ஆள் இல்லை, இல்லாவிட்டால் மனத்தாங்கல். திங்கட்கிழமை மதினியின் கதவு சாத்தியிருந்தது. உள்ளே அவள் பாத்திரம் கழுவுகிற சத்தம் சுவருக்கு மேலாக வந்துகொண்டிருந்தது. செவ்வாயும் அப்படியே. அவள் வழக்கமாக வந்து எடுத்துப் போகிற அடுப்புத் தணலை எடுக்க வரவில்லை. எனக்கு விளங்கியது. விளங்கியும், வேலையைச் சாக்கு வைத்துப் பேசாமல் இருந்தேன்.

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு மடிக்கணினியைத் திறந்தேன். ஒரு கோடுகூட இல்லை. வெளியே போய்ப் பார்த்தால் மதினியின் தகர ஜன்னல் இழுத்துச் சாத்தியிருந்தது. டொங்கிள் அதற்குப் பின்னால் இருந்தது. அவள் அதைப் பிடுங்கவில்லை, கழற்றி வீசவில்லை, தன் ஜன்னலைச் சாத்தியிருந்தாள், அவ்வளவுதான். பிறந்ததிலிருந்து நான் தட்டியே இருக்காத அந்தக் கதவைத் தட்டினேன்.

"வாங்க டீச்சர்," என்றாள். அதுவரை அவள் வாயில் நான் தங்கச்சி.

ஜன்னலைக் கொஞ்சம் திறக்க முடியுமா என்று கேட்டேன். அவள் கதவு நிலையில் சாய்ந்துகொண்டாள்.

"எங்க ஜன்னல்ல ஏறி, எங்க சொவரத் தாண்டித்தானே அது ஒங்க வீட்டுக்குப் போவுது. பூட்டுறதுன்னா பூட்டுங்க, நான் வேணாங்கல. ஏன் பூட்டுறேன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

சொல்லியிருக்கலாம். சொல்ல வெட்கமாக இருந்ததுதான் காரணம். அந்த வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பிள்ளை தன் தாயை போட்டோ என்று நினைக்கிறாள், அக்கா எட்டு மாதத்தில் வருகிறாள், பிள்ளை தன்னைக் கண்டு அழுவாளோ என்று அங்கே தூங்காமல் கிடக்கிறாள், படம் ஒரு தரமாவது ஓட வேண்டும் என்று. மதினி போய் ஜன்னலைத் திறந்தாள். பனி உள்ளே வந்தது. நான் ஓடிவந்து பார்த்தபோது மணி ஐந்து முப்பத்தைந்து. அக்காவின் அரை மணி நேரம் முடிந்திருந்தது. அந்த வாரம் போட்டோ அம்மாவும் வரவில்லை.

மறுநாள் பின்னேரம் பீலிக்குத் தண்ணீருக்குப் போனேன். எங்கள் பீலியில் வருகிற தண்ணீர் விரல் தடிமன்தான், பத்து வீட்டுக்கும் அது ஒன்றுதான். அதில் ஒரு வழக்கம் இருந்தது. எந்த வீட்டில் பச்சைப் பிள்ளை இருக்கிறதோ அந்த வீட்டுக் குடம் வந்ததும் மற்றவர்கள் தங்கள் குடத்தை இழுத்துக்கொள்வார்கள். யாரும் கேட்க வேண்டியதில்லை, யாரும் நன்றி சொல்வதும் இல்லை. அன்றைக்கு மதினி எனக்கு முன்னால் வந்து நின்றிருந்தாள். தன் குடம் நிறைந்ததும் இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள்:

"வெள்ளிக்கெழம அஞ்சு மணிக்கு வர்றது இவுங்க வீட்டுக் கொடம். எல்லாரும் இழுத்துக்கங்க."

எதைச் சொல்கிறாள் என்று யாரும் கேட்கவில்லை. சுவர் கூரையைத் தொடாத லயத்தில் என் கதை முந்தின நாளே பத்துக் காம்பராவுக்கும் போயிருந்தது. நான் அங்கேயே நின்று, அந்தக் கஷ்டமான பாஸ்வேர்டை எழுத்து எழுத்தாகச் சொன்னேன். ஈரக் கையால் அதைப் போனில் பதிந்துகொண்டார்கள். பத்து வீட்டுக்குத் தெரிந்த ரகசியம் ரகசியமா என்று சேர் கேட்டார். கேட்கலாம். ஆனால் முன்பு கீழ் மதகில் உட்கார்ந்து எங்கள் லைனைப் பிடித்த கடைத்தெருப் பையன்களுக்கு அது கடைசிவரை கிடைக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை நாலு ஐம்பத்தைந்துக்கு ரூட்டரின் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஏழு பேர் இருந்தார்கள். ஆறானார்கள். சுவருக்கு மேலாக மதினி மகனை அதட்டுகிற சத்தம் கேட்டது, ஐந்தானார்கள். ஒவ்வொருவராகக் கழன்று, கடைசியில் நான் மட்டும் இருந்தேன். லயம் அமைதியாக இருந்தது. வாசல் வரை பனி வந்துவிட்டிருந்தது.

அக்கா வந்தாள். சிரித்தாள், அந்தச் சிரிப்பு முழுதாக முடிந்தது. முக்காட்டைச் சரி செய்தாள், கை திரும்பிக் கீழே வந்தது. பிள்ளை வழக்கம்போலக் கன்னத்தைத் தடவ விரலை நீட்டினாள். அக்கா அந்தப் பக்கத்திலிருந்து கண்ணைச் சிமிட்டினாள். பிள்ளை விரலை இழுத்துக்கொண்டு என் தோளில் முகத்தை ஒளித்தாள். பிறகு ஒரு கண்ணால் பார்த்தாள். அக்கா தலையை ஒரு பக்கம் சாய்த்தாள், பிள்ளையும் சாய்த்தாள். அக்கா மறுபக்கம் சாய்த்தாள், பிள்ளையும் மறுபக்கம். இப்படியே எவ்வளவு நேரம் போனதோ தெரியாது. என் மடியிலிருந்து பிள்ளை மெல்ல நழுவி, மடிக்கணினிக்கு முன்னால் போய் முழங்காலிட்டு நின்றாள்.

"அம்மா," என்றாள்.

"என்னடா," என்றேன் நான், பழக்கத்தில். அதே நொடியில் அக்காவும் அங்கிருந்து "என்னடா" என்றாள்.

பிள்ளை என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அக்கா பார்த்தாள். என் வாயிலிருந்து அந்தச் சொல் எவ்வளவு சுலபமாக வந்தது என்று அவள் கேட்டுவிட்டாள். அவள் முகம் அசையாமல் நின்றது. படம் மறுபடி நின்றுவிட்டதோ என்று நான் கோடுகளைப் பார்த்தேன். நாலும் இருந்தன. திரும்பிப் பார்த்தபோது அக்காவின் கன்னத்தில் கண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது, ஒரு இடத்தில்கூட நிற்காமல்.