பாதியாக எழுதிய தண்ணீர்

கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் வரிசையில் எட்டு வீடுகள். எட்டுக்கும் பின்னால் ஒரு கால்வாய், அங்கே அதைத் தோடு என்பார்கள். கார்த்திகை, மார்கழி மாதங்களில் மழை ஒரு துளிகூட இல்லாமலே, கடல் ஏற்றத்தில் காயல் பொங்கி, தோடு நிறைந்து, விடியும் நேரத்தில் உப்புத்தண்ணீர் எங்கள் அடுக்களைக்குள் வந்துவிடும். அம்மா அதைத் துடைப்பத்தால் வெளியே தள்ளிவிட்டுத்தான் சாயா போடுவாள். இதையெல்லாம் ஒருவர் வந்து அளக்கக்கூடும் என்று நாங்கள் கனவிலும் நினைத்ததில்லை.

நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது கல்லூரியிலிருந்து ஒரு டீச்சர் ஸ்கூட்டரில் வந்தார். அப்பா வேலைக்குப் போயிருந்தார். டீச்சர் அம்மாவிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டார், பிறகு பின்சுவரைக் கேட்டார். அம்மா இரண்டையும் கொடுத்துவிட்டாள். சாயங்காலம் அப்பா வந்து பார்த்தபோது சுவரில் நீலப் பெயிண்டில் ஓர் அளவுகோல், அதில் கோடு கோடாக எண்கள். என் கையில் ஒரு புது நோட்டு.

"மோளே, எல்லா திவசமும் எழுதணும் கேட்டோ," என்று டீச்சர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். தினமும் காலையில் தண்ணீர் எந்தக் கோடு வரை ஏறுகிறது என்று நான் எழுத வேண்டும். எங்கள் எட்டு வீட்டுக்கும் சேர்த்து இந்த ஒரே நோட்டுதான். இன்னும் பல தெருக்களில் என்னைப் போலப் பிள்ளைகள் எழுதுகிறார்கள். வருடக்கணக்கில் எழுதிப் பார்த்தால்தான் இந்த ஊர் எப்படி மாறுகிறது என்று தெரியுமாம்.

அப்பா சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் சாதாரணமாகவே எதையும் நம்புகிற ஆள் இல்லை. பால் பாக்கெட்டைக் கையில் தூக்கிக் கனம் பார்த்துத்தான் வாங்குவார். ஆனால் இந்த விஷயத்தில் அவருக்குக் காரணம் இருந்தது. நகரசபையில் சாக்கடை அள்ளும் வேலை அவருக்கு. ஒருமுறை சாலை அகலப்படுத்த அளவெடுக்க வந்தவர்களுடன் சிவப்புப் பெயிண்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போயிருக்கிறார். அவர் டப்பா பிடித்த சுவர்கள் எல்லாம் ஆறு மாதத்தில் தரைமட்டமாயின. இடித்த கல்லை அள்ளியதும் அவர்தான்.

"செவப்ப நீலமாக்கிட்டா நமக்குத் தெரியாதாக்கும்," என்றார். "தோட்டோரம் இருக்கவன ஒழிக்கணும்னா மொதல்ல என்ன எழுதுவான்? இங்க வெள்ளம் கேறுது, ஆளு தாமசிக்கக் கொள்ளாது, குடியிருக்க லாயக்கில்லன்னு எழுதுவான். அதுக்கு நம்ம பிள்ள கையெழுத்தே சாட்சி."

"அந்தம்மா அப்பிடிப்பட்ட ஆளாத் தெரியல," என்றாள் அம்மா.

"ஒனக்கு யாருதான் அப்பிடித் தெரிஞ்சிருக்கு?"

அன்றிலிருந்து அப்பாவும் ஒரு கணக்கு எழுத ஆரம்பித்தார். டீச்சரின் ஸ்கூட்டர் நம்பர் காலண்டரில் ஏறியது. அவர் வந்த தேதி, வந்த நேரம், எந்த வீட்டில் எவ்வளவு நேரம் நின்றார் என்பதெல்லாம் ரப்பர் வைத்த பென்சிலில் ஏறின. நான் தண்ணீரைக் கண்காணித்தேன், அப்பா டீச்சரைக் கண்காணித்தார். இரண்டில் அவருடைய பதிவுதான் நேர்மையானது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

ஏனென்றால் மூன்றாம் நாளே அப்பா என்னிடம், "எவ்வளவு ஏறினாலும் பாதி எழுது, மோளே," என்று சொல்லிவிட்டார்.

"பிள்ளைய ஏன் பொய் எழுத வெக்கிறீங்க?" என்று அம்மா கேட்டாள்.

"வீடு வேணுமா, உண்மை வேணுமா?"

நான் பாதி எழுதினேன். நாற்பது என்றால் இருபது. முப்பத்தொன்று வந்த அன்று பாதியில் அரை வருகிறதே என்று திண்டாடிப் பதினைந்து என்று போட்டேன். கொஞ்ச நாளில் எனக்கும் சந்தேகம் தொற்றிக்கொண்டது. டீச்சர் மிட்டாய் கொடுத்தால்கூட எதற்குக் கொடுக்கிறார் என்று யோசித்துக்கொண்டே தின்றேன்.

ஒருநாள் டீச்சர் நோட்டைப் புரட்டிவிட்டுப் பின்சுவருக்குப் போனார். அங்கே உப்புப் பூத்த ஒரு கோடு, நான் எழுதியதற்கு வெகு மேலே, சுவர் நீளத்துக்கும் ஓடியது. அதை விரலால் சுரண்டிப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"சரியாணோ மோளே, ஈ எழுதியது?"

"சரியாணு டீச்சர். அது பழைய கறை," என்றேன். இவ்வளவு லாவகமாகப் பொய் வருமென்று எனக்கே தெரியாது. டீச்சர் நோட்டை மூடி என்னிடமே கொடுத்துவிட்டார்.

அடுத்த வருடம் பள்ளிக்கூட ஹாலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூட்டம் போட்டார்கள். தண்ணீர் அதிகம் ஏறுகிற வீடுகளுக்குத் தரையை உயர்த்திக் கொடுத்து, தோட்டோரம் சுவரும் கட்டப்போவதாகச் சொன்னார்கள். அப்பா அதையும் நம்பவில்லை. இடிப்பதற்கு முன்னால் இப்படித்தான் இனிப்பாகப் பேசுவார்கள் என்று என் காதில் சொன்னார். பிள்ளைகளின் நோட்டுகளைப் பார்த்துப் போட்ட பட்டியலை வாசித்தார்கள். எங்கள் வரிசை அதில் இல்லை. அப்பா பெருமூச்சு விட்டு என் தோளைத் தட்டினார்.

இடிக்க யாரும் வரவில்லை. அன்று வாசித்த வீடுகளில் தரை உயர்ந்தது, சுவரும் வந்தது, இப்போது அங்கே தண்ணீர் ஏறுவதில்லை. எங்கள் எட்டு வீடுகளில் இன்றும் ஏறுகிறது, முன்பைவிட அதிகமாக. பக்கத்து வீட்டுச் சேச்சி மூட்டு வலியோடு ஸ்டூலில் நின்று சமைப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரிவதில்லை.

ஆனால் அன்று எனக்கு ஒரே பெருமை. பட்டியல் முடிந்ததும் டீச்சர் என் நோட்டைத் தூக்கிக் காட்டி, ஒருநாள்கூட விடாமல் எழுதிய பிள்ளை என்று என் பெயரைச் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். கை தட்டல் அடங்கியபின் டீச்சர், "ஆர்க்கெங்கிலும் எந்தெங்கிலும் பறயானுண்டோ?" என்று கேட்டார். யாருக்காவது ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று.

பெண்கள் பக்கத்திலிருந்து அம்மா எழுந்தாள். டீச்சர் கையிலிருந்த நோட்டைப் பார்த்தாள், வாயைத் திறந்தாள். பிறகு திரும்பி, கூட்டத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்த என்னைப் பார்த்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். வெகுநேரம் உட்கார்ந்ததில் அம்மாவுக்குக் கால் மரத்துப்போயிருக்கும், உதறுவதற்காக எழுந்தாள் என்று நினைத்துக்கொண்டு, நான் அவளைப் பார்த்துச் சிரித்தேன்.