ஏழு பொட்டலங்கள்

பிரசவம் முடிந்த பெண்ணிடம் நான்கு விஷயங்களை விடாமல் பார்க்க வேண்டும்: நாடி, ரத்த அழுத்தம், கருப்பையின் இறுக்கம், ரத்தத்தில் நனைந்த பேடுகளின் எண்ணிக்கை. தாம்பரத்தில் நான் வேலை பார்த்த சிறிய மருத்துவமனையில், அன்று மதியம் இரண்டு மணிக்கு, இவற்றில் முதல் இரண்டை மட்டும்தான் உண்மையாகப் பார்த்தேன்.

செம்பாக்கத்துப் பெண். தலைப்பிரசவம், காலையில்தான் சுகமாக முடிந்திருந்தது. குழந்தையைப் பார்க்க மாமனாரும் கணவரின் அண்ணன்களும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். அவள் வயிற்றில் அவளுடைய அம்மா பழைய புடவையை இறுக்கிக் கட்டியிருந்தார். ஆண்கள் முன்னால் அவிழ்க்கச் சொல்லக் கூச்சப்பட்டு, துணிக்கு மேலேயே கை வைத்துப் பார்த்தேன். குரலைத் தாழ்த்தி, "எத்தனை பேட் மாத்தினீங்க?" என்றேன். அவள் அம்மாவைப் பார்த்தாள்.

"ரெண்டுதான் சிஸ்டர்" என்றார் அம்மா.

இரண்டு என்று எழுதினேன்.

மூன்று மணிக்கு நாடி நூற்றிருபதைத் தாண்டியது. மருத்துவருக்குப் போன் செய்தேன்.

"பிபி நல்லாதானேம்மா இருக்கு? ரூம் ஃபுல்லா சொந்தக்காரங்க இருந்தா எனக்கே படபடக்கும். ஓபி முடிச்சிட்டு வரேன்."

திரும்பிப் போனபோது அவள் உதடு வெளுத்திருந்தது. ஆண்களை வெளியே போகச் சொன்னேன்.

"இப்பத்தானம்மா வந்தோம்" என்றார் மாமனார்.

"பேத்தி எங்கயும் ஓடிட மாட்டா சார். வெளியில உட்காருங்க."

கதவைச் சாத்திவிட்டு மறுபடியும் கேட்டேன். அம்மா கட்டிலுக்கு அடியிலிருந்து ஜவுளிக்கடைக் கட்டைப்பையை இழுத்தார். உள்ளே செய்தித்தாளில் சுற்றிய பொட்டலங்கள் ஏழு. பிரித்தேன். எல்லாம் முழுக்க நனைந்தவை.

"கண்டவங்க கண்ணுல படக்கூடாது சிஸ்டர். வூட்டுக்கு எடுத்துகினு போய் புதைக்கலாம்னு வச்சிருந்தேன்."

புடவையை அவிழ்த்தேன். சுருங்கி இறுகியிருக்க வேண்டிய கருப்பை மாவு போலத் தளர்ந்திருந்தது. ஒரு கையால் அழுத்திப் பிசைந்துகொண்டே மறு கையால் மருத்துவரை அழைத்தேன். "ஏழு பேட் டாக்டர். நீங்க படியேறுற வரைக்கும் நான் போனை வைக்க மாட்டேன்."

வந்தார். மருந்து கொடுத்து, ரத்தம் ஏற்றி, கருப்பைக்குள் பலூன் வைத்து அழுத்தியும் ரத்தப்போக்கு நிற்கவில்லை. கடைசியில் கருப்பையை எடுத்த பிறகுதான் ரத்தம் நின்றது. அவளுக்கு இருபத்து மூன்று வயது.

அறுவை அரங்கின் வாசலில் மாமனார் அந்த அம்மாவைப் பிடித்துக்கொண்டார். "மூட்டை கட்டி ஒளிச்சு வச்சு என் வீட்டு வாரிசையே அழிச்சிட்டியே. நீயெல்லாம் பெத்தவளா?"

அம்மா சுவரோடு ஒட்டி நின்றார். மூத்த சிஸ்டர் என் முழங்கையைப் பிடித்து, "வா, குடும்ப விஷயம்" என்றார்.

"சார், ரெண்டு மணிக்கே நான் பேடை வாங்கிப் பிரிச்சுப் பாத்திருக்கணும். கேட்டதோட விட்டுட்டேன். அது என் வேலை, அவங்க வேலை இல்ல" என்றேன்.

மாமனார் என் பக்கம் திரும்பினார். சிஸ்டரின் கை என் முழங்கையிலிருந்து விலகியது. அந்த அம்மா மட்டும் தலையை நிமிர்த்தவே இல்லை.