புடவைக்கு ஃபால்ஸ், புடவைக்காரிக்குப் புத்தகம்

“இன்னாமா, மூஞ்சி இப்டி கீது?” என்று கேட்டபடி ஷீலா பல்லால் நூலை அறுத்தாள்.

வந்த பெண் ஃபால்ஸ் அடிக்கத்தான் வந்திருந்தாள். பச்சைப் புடவையை நீட்டினாளே தவிர, முகத்தைப் பற்றி அவள் பேச்சே எடுக்கவில்லை. ஷீலா விடுகிற ஆளா? “மாமியாரா, வூட்டுக்காரரா, ஆபீஸா?” என்று அடுத்த கேள்வியைப் போட்டாள். “தூக்கம் வரலக்கா” என்றாள் அந்தப் பெண். “அப்போ மூணுந்தான்” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, காலடியில் இருந்த தகரப் பெட்டியைத் திறந்து ஒரு மெல்லிய புத்தகத்தை உருவினாள் ஷீலா. “படுத்துக்கினு போனை நோண்டாத. இத்த ரெண்டு பக்கம் படி. மூணாவது பக்கத்துக்குள்ள கொறட்ட வந்துரும். வரலன்னா கர்த்தர் உன்னாண்ட ஏதோ பேசறார்னு அர்த்தம். எப்டிப் பார்த்தாலும் லாபந்தான்.”

மந்தைவெளியில் ஒரு பழைய மூன்று மாடிக் கட்டிடத்தின் படிக்கட்டுக்கு அடியில் இருக்கிறது அவளுடைய கடை. கடை என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். ஒரு தையல் மிஷின், ஒரு ஸ்டூல், நூல்கண்டுகள் மாட்டிய ஆணிப் பலகை, எழுந்து நின்றால் உச்சந்தலையில் இடிக்கும் ஒன்பதாவது படி. இருபத்திரண்டு வருஷமாக இடித்துக்கொண்டிருக்கிறாள். ஒரு நாள் படிதான் வெட்கப்பட்டு நகரும் என்பது அவளுடைய விசுவாசம்.

தகரப் பெட்டியில் நாற்பத்தொரு புத்தகங்கள். எல்லாமே கிறிஸ்தவப் பெண்களுக்காக எழுதியவை. சமைத்துக்கொண்டே ஜெபிப்பது எப்படி, கோபம் வந்தால் வாயை எங்கே வைத்துக்கொள்வது, வளர்ந்த பிள்ளையோடு சண்டை போடாமல் பேசுவது, கவலையைக் கொண்டுபோய் யார் காலடியில் இறக்கிவைப்பது என்று ஒவ்வொன்றும் ஒரு விஷயம். புடவையை மடித்து, டோக்கன் குத்தி, கவரில் போடும்போது புத்தகத்தையும் உள்ளே தள்ளிவிடுவாள். அடுத்த புடவை வரும்போது அது திரும்பி வர வேண்டும். பக்க அடையாளத்துக்கு அந்தப் புடவையின் நிறத்திலேயே ஒரு சாண் நூல் உண்டு. யாராவது பக்கத்தின் ஓரத்தை மடித்துவிட்டால் மட்டும் அவளுக்குப் பொறுக்காது. “உங்காதை யாராச்சும் இப்டி மடக்கனா சும்மா இருப்பியா?” என்பாள்.

எழுதியவர்களை அவள் நம்புகிறாள், ஆனால் சும்மா விடுவதில்லை. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து அமைதியான அறையில் அமரச் சொல்லும் ஒரு புத்தகத்தைப் படித்தபோது மிஷினையே நிறுத்திவிட்டாள். “இந்தம்மாக்கு தனி ரூம் கீது போல. எங்கூட்ல நாலு மணிக்கு அமைதியா கீற எடம் பிரிட்ஜுக்கு உள்ளதான்.” கணவரிடம் மென்மையாகப் பேசச் சொன்ன இன்னொரு புத்தகத்தை மூன்று நாள் கடைப்பிடித்தும் பார்த்தாள். மூன்றாம் நாள் அவள் வீட்டுக்காரர் பொன்ராஜ் வேலைக்கு லீவு போட்டுவிட்டு அவளை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். பிரஷர் சரியாக இருந்தது. வெளியே வந்து ஆட்டோ பிடிப்பதற்குள் ஷீலா பழைய குரலுக்குத் திரும்பிவிட்டாள். பொன்ராஜுக்கும் உயிர் வந்தது.

கபாலி கோயில் பக்கத்திலிருந்து வரும் வேம்பு மாமி இதுவரை ஒன்பது புத்தகம் முடித்திருக்கிறார். “உங்க ஸ்வாமி பேர் வர்ற எடத்துல எங்காத்துப் பெருமாளைப் போட்டுண்டு படிச்சுடுவேன்டி. மத்ததெல்லாம் எங்காத்துக் கதைதான். இதை எழுதினவ எங்க நாட்டுப்பொண்ணை எங்கேயோ பார்த்திருக்கா!” என்பார். “போட்டுக்கோங்க மாமி, ஆனா மனசுல போட்டுக்கோங்க. பேனால அடிச்சி வெச்சிடாதீங்க” என்பாள் ஷீலா.

பேனாவுக்குத் தடை வந்ததற்குக் காரணம் ஒரு புத்தகம். ‘அஞ்சறைப் பெட்டியும் ஆண்டவர் நேரமும்’ என்று பெயர். முப்பது நாளைக்கு முப்பது குட்டிக் கதைகள். ஒவ்வொன்றின் அடியிலும் ‘இன்று என் ஜெபம்’ என்று போட்டு மூன்று புள்ளிக் கோடுகள். பெட்டியில் இருப்பதிலேயே ஓயாமல் அலைவது இதுதான் என்பதால் ஷீலா இரண்டு பிரதி வைத்திருக்கிறாள். பென்சிலில்தான் எழுத வேண்டும், அழித்துக் கொடுத்தால் அடுத்தவளுக்குப் போகும். இங்கேதான் ஒரு சிக்கல் வந்தது. எழுதியதைத் தங்கள் கையாலேயே அழிக்கப் பெண்களுக்கு மனசு வரவில்லை. ஜெபமும் சேர்ந்து அழிந்து போய்விடுமோ என்று பயம். கடைசியில் அழிக்கிற வேலையை ஷீலாவே ஏற்றுக்கொண்டாள்.

அதற்கு அவள் ஒரு வழி வைத்திருக்கிறாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மிஷின் மேல் வைத்துவிடுவாள். பிறகு ரப்பரை எடுத்து முப்பது பக்கமும் தேய்ப்பாள். “கண்ணாடி இல்லன்னா எறும்பு ஊர்ற மாதிரிதான் தெரியும். எறும்பு இன்னா சொல்லுதுன்னு கர்த்தருக்குத்தான் தெரியணும், எனக்கெதுக்கு?” இத்தனை வருஷத்தில் ஒருத்தியின் ஒரு வரியைக்கூட அவள் படித்ததில்லை. அந்த நம்பிக்கையில்தான் மந்தைவெளி முதல் அடையாறு வரை பெண்கள் பென்சிலைச் சீவிக்கொண்டு மனசில் இருப்பதையெல்லாம் கொட்டுகிறார்கள்.

போன வியாழக்கிழமை இரண்டு பிரதிகளும் ஒன்றாகக் கடையில் இருந்தன. ஒன்று ஏற்கெனவே அழித்தது. இன்னொன்று, காலையில் ஹெப்சிபா என்ற பெண் ஆபீஸ் போகும் வழியில் கொடுத்துவிட்டுப் போனது. ஷீலா கண்ணாடியைக் கழற்றி, ரப்பரைக் கையில் எடுத்த நேரத்தில் வந்து நின்றார் சுகிர்தம் டீச்சர். அடையாறு காந்தி நகர்க்காரர், ரிடையராகியும் குரல் ரிடையராகாதவர், ஹெப்சிபாவின் மாமியார். ஞாயிற்றுக்கிழமை சபையில் பெண்கள் பண்டிகை. கத்தரிப்பூ பார்டர் போட்ட புடவையை வாங்க வந்திருந்தார். “அந்த அஞ்சறைப் பெட்டிப் புத்தகம் இருந்தா அதையும் போடு ஷீலா, வெளியே வண்டி நிக்குது” என்று அவசரப்படுத்தினார். டீச்சர் அவசரப்படுத்தினால் ஆறாம் வகுப்பே எழுந்து நிற்கும். ஷீலாவும் கைக்கு வந்ததைக் கவரில் போட்டுக் கொடுத்துவிட்டு, மிச்சம் இருந்ததைத் தேய்க்க உட்கார்ந்தாள்.

நான்கு பக்கம் தேய்த்தாள். ரப்பர் தூள் வெள்ளை வெளேரென்று விழுந்தது. பென்சிலைத் தேய்த்தால் தூள் கறுத்திருக்க வேண்டாமா? கண்ணாடியை மாட்டிப் பார்த்தாள். புத்தகம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. “ஆண்டவரே!” என்று எழுந்தவள் ஒன்பதாவது படியில் இடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள்.

போனைப் போட்டாள். “ஹெப்சி, பொஸ்தகத்துல யாரப் பத்திமா எழுதிக்கீற?”

“ஐயோ அக்கா, படிச்சிட்டீங்களா?”

“நான் படிக்கல. படிக்கப் போறது வேற ஆளு.”

“யாரு?”

“உங்க அத்த.”

அந்தப் பக்கம் ஏதோ கீழே விழுந்து உருண்டது. “பதினோராம் நாள்க்கா... பதினோராம் நாள்...” என்று மட்டும் ஹெப்சிபாவின் குரல் கேட்டது.

ஷீலா போனை வைத்தாள். ஒரு குடும்பத்தில் குண்டு வைத்தாயிற்று, அதுவும் டோக்கன் நம்பர் குத்தி. இது வெளியே தெரிந்தால் இனி எவள் ஒரு வரி எழுதுவாள்? எல்லாரும் ‘நாட்டுக்குச் சமாதானம் தாரும்’ என்று பொதுவாக எழுதிக் கொடுத்துவிடுவார்கள். ஓடிப் போய் தணிகாசலத்தின் ஆட்டோவில் ஏறினாள். “இன்னாக்கா, எங்கனா தீ புடிச்சிக்கிச்சா?” என்றார் அவர். “அடையார்ல ஒரு வூடு பத்திக்கப் போவுது நைனா, போ போ!” என்றாள். மெட்ரோவுக்குத் தோண்டிய இடத்துத் தடுப்புகளைச் சுற்றி, பாலத்தில் ஒரு தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஊர்ந்து போய்ச் சேர்வதற்குள் அவள் முப்பது நாளைக்கான ஜெபத்தையும் மூன்று தடவை செய்து முடித்திருந்தாள்.

சாப்பாட்டு மேஜையில் சுகிர்தம் டீச்சர் உட்கார்ந்திருந்தார். எதிரே புத்தகம் விரிந்து கிடந்தது.

“டீச்சர், ஃபால்ஸ்ல ஒரு தையல் வுட்டுப் போச்சு. பொடவையும் அந்தப் பொஸ்தகமும் குடுத்தீங்கன்னா...”

“புத்தகத்துக்கு எதுக்கு ஃபால்ஸ்?” என்றார் டீச்சர். ஷீலா வாயைத் திறப்பதற்குள் வகுப்புக் குரலில் வாசிக்கவே ஆரம்பித்துவிட்டார். “‘பதினோராம் நாள். ஆண்டவரே, அத்தையைப் பெங்களூரில் அண்ணி வீட்டுக்கு மூன்று மாதம் அனுப்பி வையும். ஆறு மாதமானாலும் உமது சித்தம்.’ இது என் மருமக கையெழுத்து.”

ஷீலாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “டீச்சர், அது உங்களுக்கு எழுதனது இல்ல, கர்த்தருக்கு எழுதனது. நாந்தான் அட்ரஸ் மாத்திக் குடுத்துட்டேன். வையறதுன்னா என்னை வையுங்க, அந்தப் பொண்ண ஒண்ணும் சொல்லாதீங்க.”

அப்போதுதான் ஹெப்சிபா மூச்சிரைக்க ஓடிவந்து வாசலில் நின்றாள். ஒரு செருப்பைக் கழற்றியவள் இன்னொன்றை மறந்துவிட்டாள்.

டீச்சர் மருமகளை மேலும் கீழும் பார்த்தார். “மூணு மாசம் சரிதான். ஆறு மாசம்ங்கதுதான் கொஞ்சம் சுட்டுட்டு” என்றபோது அந்தப் பெரிய குரல் கொஞ்சம் இறங்கியது. உடனே பழையபடி ஏறியும் விட்டது. “ஏட்டி, போன கிறிஸ்மஸ்ல இருந்து என் மக பெங்களூருக்குக் கூப்பிடுதா. எனக்கும் போகணும்னு கொள்ளை ஆசை. நான் போயிட்டா நீ தனியா கிடந்து அழுவியேன்னுல்லா பல்லைக் கடிச்சுக்கிட்டு இங்க இருக்கேன்!”

“நானா?” என்றாள் ஹெப்சிபா. பிறகு யோசித்துப் பார்த்து, உண்மையைச் சொன்னாள். “அழுவேன் அத்தை. நாலாவது மாசத்துல.”

டீச்சர் சிரித்தார் பாருங்கள், மேஜையில் இருந்த தண்ணீர் டம்ளர் ஆடியது. ஹெப்சிபா சிரித்துக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே மாமியாரின் பக்கத்து நாற்காலியில் விழுந்தாள். ஷீலாவுக்குத் தலையில் வீங்கியிருந்த இடம்கூட இனித்தது.

“சரி, பன்னிரண்டாம் நாளும் நம்ம வீட்டுக் கதைதானா?” என்று டீச்சர் பக்கத்தைப் புரட்டினார். ஹெப்சிபா சட்டென்று புத்தகத்தைப் பறித்தாள். மார்போடு அணைத்துக்கொண்டாள். பிறகு மெதுவாக விரித்தாள். “இதை நானே படிக்கறேன் அத்தை. கேட்டுக்கறீங்களா?” என்று தொண்டையைச் செருமினாள்.

ஷீலா அவசர அவசரமாகச் சுவர்ப் பக்கம் திரும்பி, இரண்டு காதிலும் ஆள்காட்டி விரலை இறுக்கமாகத் திணித்துக்கொண்டு நின்றாள்.